31 வருடம் பஸ் ஓட்டியவருக்கு 4 நிமிடத்தில் குமட்டல்

நேற்று சாயங்காலம் அப்பா லாரி ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டில் 35 நிமிடம் ஓட்டினார். எழுந்து வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, "ராத்திரிக்கு என்ன?" என்று அம்மாவிடம் கேட்டார். எங்கள் வீட்டில் இது பெரிய செய்தி. ஜனவரியில் இதே ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டு எழுந்தவர் சுவரைத் தடவிக்கொண்டே பாத்ரூமுக்குப் போனார். அன்றைக்கு ரசம் சாதம்கூட இறங்கவில்லை. நடுவில் நாலு மாதமும் 12,500 ரூபாயும் போயிருக்கின்றன. அதில் 10,500 ரூபாய் சுத்தத் தண்டம். யாராவது அதே குழியில் விழப்போனால் தடுக்கலாமே என்றுதான் எழுதி வைக்கிறேன்.

சென்னை அரசு பஸ் நிறுவனம் பல்லவன் என்று இருந்த காலத்தில் அப்பா டிரைவராகச் சேர்ந்தவர். எம்டிசி என்று பெயர் மாறி இவ்வளவு வருடம் ஆகியும் அவர் வாயில் பல்லவன்தான் வரும். 31 வருட சர்வீஸில் பாதிக்கு மேல் 29சி, பெரம்பூர் டு பெசன்ட் நகர். ரிட்டையர் ஆனபிறகு அவர் ஓட்டுவது டிவிஎஸ் 50 மட்டும், அதுவும் அயனாவரம் மார்க்கெட் வரைக்கும். ஹாலில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது வலது கால் தானாகத் தரையை அழுத்துவதைப் பார்த்திருக்கிறேன். யாரோ ஒருவர் வீட்டில் சும்மா கிடந்த ஸ்டியரிங், பெடல் செட்டை 14,000 ரூபாய்க்கு விற்கிறார் என்று தெரிந்ததும் வாங்கிவிட்டேன். அந்தக் காசை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது பொங்கலுக்கு அப்பாவுக்கு எடுத்த துணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டு, யூரோ டிரக் சிமுலேட்டர் 2. பிரிட்டனில் தொடங்கினால் நம்மூர் மாதிரி இடதுபக்கம் போகலாம், ஸ்டியரிங்கும் வலதுபக்கம் இருக்கும். "லாரியா? பஸ் இல்லியா?" என்று முதலில் முகத்தைச் சுளித்தார். அப்புறம் அதையே பஸ் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

முதல் ஏற்பாடு இப்படி: சுவரில் 43 இஞ்ச் டிவி. ஏழடி தள்ளி சோபா. சோபாவுக்கு முன்னால் டீப்பாய், அதன் விளிம்பில் ஸ்டியரிங். இரண்டு பக்கக் கண்ணாடியும் தெரியவேண்டும் என்று பார்வைக் கோணத்தை, அதாவது எவ்வளவு அகலமான காட்சி திரையில் தெரியும் என்பதை, 80 டிகிரிக்கு ஏற்றி வைத்தேன். என் பையனுக்குப் பதினோரு வயது. அதில் ஒரு மணி நேரம் கொட்டமடித்துவிட்டு ஒன்றும் ஆகாமல் எழுந்தான். நானும் அரை மணி ஓட்டினேன், லேசாகக் கண் வலித்தது, அவ்வளவுதான். அப்பா உட்கார்ந்தார். கிளம்பிய லாரி ஒரு ரவுண்டானாவைச் சுற்றியது, இரண்டாவது ரவுண்டானாவில் பாதி சுற்றியது. "நிறுத்துடா" என்றார். 4 நிமிடம்கூட முழுசாக ஆகவில்லை. முகம் வெளுத்து, மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை. ஜனவரி மாதச் சென்னையில், ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது.

அவருக்கு அது மானக்கேடாகப் போய்விட்டது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவிலும் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் வாந்தி எடுத்தபோது சிரித்தவர் அவர்தான். "டிரைவர் எவனும் வாந்தி எடுக்க மாட்டான்டா, பின்னாடி உக்காந்திருக்கிறவன்தான் எடுப்பான்" என்பார். அது உண்மையும்கூட. ஓட்டுகிறவருக்கு அடுத்த நொடி வண்டி எங்கே போகும் என்று முன்கூட்டியே தெரியும், உடம்பு தயாராகிவிடும். ஆனால் சிமுலேட்டரில், அதாவது நிஜம் மாதிரியே ஓட்டிப் பார்க்கும் கருவியில், இது தலைகீழ். 1957இல் அமெரிக்கக் கடற்படையின் ஹெலிகாப்டர் சிமுலேட்டர் ஒன்றில் இந்தக் கோளாறு பதிவானபோதே, கற்றுக்கொள்ள வந்தவர்களைவிட, நிஜ ஹெலிகாப்டரில் பழம் தின்று கொட்டை போட்ட பயிற்சியாளர்களுக்குத்தான் அதிகமாகப் புரட்டியிருக்கிறது. அப்பா இதையே வேறு மாதிரிச் சொன்னார்: "பிரேக் போட்டா உடம்பு முன்னாடி போவணுமேடா. போவ மாட்டேங்குது." என் பையனின் உடம்பு எதையும் எதிர்பார்ப்பதில்லை, அதனால் ஏமாறுவதும் இல்லை. அப்பா உடம்பு 31 வருடமாக எதிர்பார்த்துப் பழகியது. இதைச் சொன்னபிறகுதான் அவர் மறுபடி ஸ்டியரிங்கைத் தொடவே ஒப்புக்கொண்டார்.

முதல் இரண்டு வாரம் கைவைத்தியம். அம்மா எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தாள், இஞ்சி மரப்பா வாங்கி வைத்தாள். இஞ்சி வாய்க்கு நன்றாக இருந்தது என்பதைத் தவிர நிமிடக் கணக்கில் ஒரு மாற்றமும் இல்லை. பஸ்ஸில் போட்டுக்கொள்ளும் வாந்தி மாத்திரையைப் பற்றி, அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை எழுதும் டாக்டரிடம் கேட்டேன். தூக்கம் வரும், விளையாட்டுச் சாமானுக்கு மாத்திரை எதற்கு என்றார். அத்தோடு அது முடிந்தது.

அடுத்ததுதான் தண்டம்.

என் யோசனை எளிமையானது. கண் 'வண்டி திரும்புகிறது' என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'நாம் சோபாவில் இருக்கிறோம்' என்கிறது. இரண்டுக்கும் சண்டை. அப்படியானால் நாற்காலியையும் ஆட்டிவிட்டால் சண்டை தீர்ந்துவிடாதா? வைப்பர் மோட்டார் இரண்டை வைத்து நாற்காலியை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் சாய்க்கும் அமைப்பை நிறையப் பேர் செய்திருக்கிறார்கள். நான் கணக்கு எழுதுகிற வேலையில் இருப்பவன், வெல்டிங் கம்பியைக் கையில் பிடித்ததில்லை. இருந்தாலும் ஆசை.

ஒரு சனிக்கிழமை காலை புதுப்பேட்டைக்குப் போனேன். காரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டிருக்கும் அந்தத் தெருக்களில் வைப்பர் மோட்டார் என்று சொன்னால், எந்த வண்டி என்றுதான் முதலில் கேட்பார்கள். நாற்காலிக்கு என்றேன். கடைக்காரர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, "பெரிய வண்டியோடது எடுத்துக்கோ சார், தாங்கும்" என்றார். ஒன்று 850, இரண்டு 1,700 ரூபாய். நடுவில் நாற்காலியைத் தாங்க எல்லாப் பக்கமும் சாயும் மூட்டு, ஒரு பழைய யூனிவர்சல் ஜாயின்ட், 300. பேட்டரியில் வைத்து இரண்டு மோட்டாரையும் ஓட்டிக் காட்டித்தான் கொடுத்தார். அங்கிருந்து எலக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி தெரு. மோட்டாருக்குக் கட்டளை போடும் குட்டி கம்ப்யூட்டர் போர்டு ஆர்டுயினோ 650, அந்தக் கட்டளைப்படி மோட்டாருக்குக் கரண்ட் விடும் பிடிஎஸ் 7960 மோட்டார் டிரைவர் போர்டு இரண்டு, கரண்ட் கொடுக்கும் 12 வோல்ட் 30 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் 1,900, எவ்வளவு சாய்ந்தது என்று அளக்க 10 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டர் இரண்டு 80, ஒயர், கனெக்டர், இத்யாதி 420. சதுரக் குழாயில் சட்டம் அடித்து வெல்டிங் வைத்ததற்கு எங்கள் தெருமுனைப் பட்டறையில் 3,800.

மூன்று வார இறுதி போனது. முதல் நாள் கரண்ட் கொடுத்தபோது ஒரு மோட்டார் ஒழுங்காகச் சுற்றியது. இரண்டாவது மோட்டாரையும் இணைத்துச் சட்டத்தில் முடுக்கிவிட்டு ஓட்டினேன். இடதுபக்க போர்டிலிருந்து மெல்லிசாக ஒரு நூல் புகை. பிறகு அந்த வாசனை. பழுத்த மிளகாயைச் சட்டியில் கருகவிட்ட மாதிரி கமறல். ஒரு போர்டு காலி. இது ஏன் என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. காரில் மைனஸ் என்பது வண்டியின் உடம்புதான். நான் வாங்கிய இரண்டு வைப்பர் மோட்டாரிலும், உள்ளே கரண்டைக் கடத்தும் ஒரு பிரஷ், மோட்டாரின் இரும்புக் கூட்டோடு உள்ளேயே இணைந்திருந்தது. நான் இரண்டு கூடுகளையும் ஒரே இரும்புச் சட்டத்தில் முடுக்கியிருக்கிறேன். ஒரு மோட்டார் முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் சுற்றும்போது ஒன்றின் பிளஸ்ஸும் இன்னொன்றின் மைனஸும் சட்டம் வழியாகக் கைகுலுக்குகின்றன. நேரடி ஷார்ட். மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையைக் கூட்டிலும் மறுமுனையை மோட்டாரின் கனெக்டர் பின்னிலும் தொட்டிருந்தால் பத்து விநாடியில் தெரிந்திருக்கும். தொடவில்லை. ஒரு மோட்டாரைத் திறந்து, கூட்டோடு சேரும் ஒயரை வெட்டி, தனி ஒயர் இழுத்து வெளியே கொண்டுவந்தேன். இரண்டில் ஒன்றைப் பிரித்தாலே போதும். புது போர்டையும் சேர்த்து மூன்று போர்டுக்கு 1,650. கூட்டிப் பாருங்கள், 10,500 வரும்.

பிப்ரவரி கடைசி ஞாயிறு. நாற்காலி ஆடியது. பையன் ஏறி உட்கார்ந்து கூச்சல் போட்டான், தெருப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அப்பாவை உட்கார வைத்தேன். 2 நிமிடம். போன தடவையில் பாதி.

"என்னப்பா ஆச்சு?"

"வண்டி திரும்பி முடிச்சப்புறம் இது திரும்புதுடா."

என் போனில் விநாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷன் இருக்கிறது. ஸ்டியரிங், டிவி, நாற்காலி மூன்றும் ஒரே சட்டகத்தில் விழும்படி போனை ஸ்டூல்மேல் நிறுத்தி, ஸ்டியரிங்கைச் சட்டென்று திருப்பி வீடியோ எடுத்தேன். அப்புறம் ஒவ்வொரு படமாக நகர்த்தி எண்ணினேன். ஒரு படம் என்பது ஏறக்குறைய 4.2 மில்லிவிநாடி. கை அசைந்து 41 படங்கள் கழித்துத் திரையில் ஸ்டியரிங் அசைகிறது. 63 படங்கள் கழித்து நாற்காலி அசைகிறது. அதாவது டிவி 170 மில்லிவிநாடி தாமதம், நாற்காலி 260. கால் விநாடிக்கும் மேல். கண்ணுக்கும் காதுக்கும் நடந்த சண்டையில் நான் மூன்றாவதாக ஒரு ஆளை இறக்கிவிட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் இருந்தது. பயந்து பயந்து மோட்டார் வேகத்தைக் குறைத்து வைத்ததால் நாற்காலி ஊஞ்சல் மாதிரி மெதுவாக, ஒரு முறை ஆடி முடிக்க நாலைந்து விநாடி எடுத்தது. உடம்பு அதிர்வுக்கான ஐஎஸ்ஓ 2631-1 தரக்குறிப்பில் குமட்டலுக்கென்று தனியாக ஒரு வரம்பு உண்டு, 0.1 முதல் 0.5 ஹெர்ட்ஸ் வரை. அதிலும் மிக மோசமானது 0.2 ஹெர்ட்ஸைச் சுற்றி. ஐந்து விநாடிக்கு ஒரு ஆட்டம் என்றால் சரியாக 0.2 ஹெர்ட்ஸ். காசிமேட்டிலிருந்து கிளம்பும் படகு அலையில் ஏறி இறங்குகிற மாதிரியான தாளம். நான் செலவு செய்து, பட்டறை வைத்து, குமட்டலுக்கென்றே ஒரு இயந்திரம் கட்டியிருக்கிறேன்! அன்றைக்கு ராத்திரி மோட்டார் இரண்டையும் கழற்றிவிட்டேன்.

விஷயம் பிடிபட்டது தற்செயலாக. மோட்டார் கழற்றியபிறகு சட்டமில்லாமல் மொட்டையாக நின்ற நாற்காலியை, கூட்டிப் பெருக்க அம்மா டிவிக்குப் பக்கத்தில் தள்ளி வைத்திருந்தாள். ஸ்பீடோமீட்டர் முள் தெரியவில்லை என்று எப்போதும் முனகும் அப்பா அங்கேயே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்திருக்கிறார். நான் ஆபீஸிலிருந்து வந்தபோது பையன் சொன்னான்: "தாத்தா இன்னிக்கு ஒன்பது நிமிஷம்."

டேப்பை எடுத்தேன். 43 இஞ்ச் திரையின் அகலம் 95 செ.மீ. பழைய இடத்தில் அப்பா கண்ணிலிருந்து திரைக்கு 210 செ.மீ. பாதி அகலத்தைத் தூரத்தால் வகுத்து, டான் தலைகீழ் (tan⁻¹) எடுத்து, இரண்டால் பெருக்கினால் கோணம் கிடைக்கும். போன் கால்குலேட்டர் போதும். 25 டிகிரி வந்தது. அதாவது அவர் கண்ணுக்கு டிவி ஒரு 25 டிகிரி ஜன்னல். அந்த ஜன்னலுக்குள் நான் 80 டிகிரி உலகத்தைப் பிதுக்கித் திணித்திருந்தேன். சாலை நிஜத்தைவிட ஒடுங்கிப்போய், ஓரத்து மரமெல்லாம் விசித்திர வேகத்தில் பாய்கிறது. பையனுக்கு அது விளையாட்டு. 31 வருடம் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தவருக்கு அது பொய்யென்று உடம்பு கண்டுபிடித்துவிடுகிறது.

டிவியைச் சுவரிலிருந்து இறக்கி, பழைய மேசைமேல் வைத்து, திரையின் நடு அப்பாவின் கண் உயரத்துக்கு வரும்படி சரிசெய்தேன். தூரத்தை 80 செ.மீ. ஆக்கினேன். கோணம் 61 டிகிரி. விளையாட்டில் எஃப்4 அழுத்தி, பார்வைக் கோணத்தை 60க்கு இறக்கினேன். 11 நிமிடம் ஓட்டினார். கிட்டப் போனால் இன்னும் நல்லதுதானே என்று 55 செ.மீ.க்கு இழுத்து 80 டிகிரி வைத்துப் பார்த்தேன். கணக்குச் சரியாகப் பொருந்தியும் 6 நிமிடத்தில் எழுந்துவிட்டார். திரை கண்ணோரம் வரை நிறைந்துவிட்டால் அறை மறைந்துபோகிறது, உடம்பு நிஜமாகவே நகர்கிறோம் என்று நம்பிவிடுகிறது. 80 செ.மீ.க்கே திரும்பினேன்.

கோணம் குறைந்ததில் பக்கக் கண்ணாடிகள் திரைக்கு வெளியே போய்விட்டன. பட்டனை அழுத்தித் தலையைத் திருப்பிப் பார்த்தால் காட்சி மொத்தமும் வெடுக்கென்று சுழலும், அதுவே ஒரு வாந்திக்குச் சமம். எஃப்2 அழுத்தினால் கண்ணாடிகள் திரை மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அழகில்லை, வேலை ஆகிறது. காட்சியைக் குலுக்கும் தலையாட்டம், ஸ்டியரிங்கைத் திருப்பினால் கேமராவும் திரும்புவது, இரண்டையும் அணைத்தேன்.

அப்புறம் அந்த 41 படம். டிவியில் படத்தை வழவழப்பாக்க இடையிடையே தானாகப் படங்களைச் செருகும் வசதி ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்து, கேம் மோடில் போட்டேன். மறுபடி எண்ணினால் 19 படம். 170 மில்லிவிநாடி 80 ஆகிவிட்டது. காலணா செலவில்லை. லேப்டாப் ஊருக்குள் போகும்போது விநாடிக்கு 60 படத்திலிருந்து 35க்குத் திக்கியது. நிழலையும் கண்ணாடித் தரத்தையும் குறைத்ததும் 60இல் நின்றது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். ஸ்லோமோஷன் வீடியோ எடுக்க வேண்டும் என்ற புத்தி மோட்டார் வாங்கியபிறகுதான் வந்தது.

ஸ்டியரிங்கிலும் ஒரு சிக்கல். இது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு 900 டிகிரி, இரண்டரைச் சுற்று. பழைய பஸ்ஸில் அப்பா கை அதைவிட எவ்வளவோ அதிகம் வளைத்துப் பழகியது. அவர் பஸ்ஸுக்கு வளைப்பதுபோல வளைப்பார், லாரி அளவுக்கு மீறித் திரும்பும், எதிர்ப்பக்கம் ஒடிப்பார், திரை இடமும் வலமும் அலையும். ஸ்டியரிங் உணர்திறனைக் குறைத்தபிறகு அந்த அலைச்சல் நின்றது. ரவுண்டானா பயம் பாதி இதில்தான் போனது.

கடைசியாக டாஷ்போர்டு. அரை ஷீட் 12 மி.மீ. பிளைவுட், கொஞ்சம் ரீப்பர் கட்டை, 1,450 ரூபாய். திரையைச் சுற்றி பஸ் முன்கண்ணாடிச் சட்டம் மாதிரி வெட்டி, கறுப்புப் பெயின்ட் அடித்து, மேசையோடு முடுக்கினேன். நாற்காலி வழுக்காமல் ரப்பர் பாய் 250, ஸ்டியரிங்குக்கு உருப்படியான சி-கிளாம்ப் 300. எல்லாம் சேர்த்து 2,000. திரைக்குள் உலகம் ஓடும்போது கண்ணுக்கு ஓடாத பொருள் ஒன்று எப்போதும் தெரியவேண்டும் என்பதுதான் இதன் காரியம். அதனால் ஹாலில் டியூப்லைட்டையும் அணைப்பதில்லை. அப்பாவுக்கு அந்தக் காரணமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. சட்டத்தைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு பிள்ளையார் படத்தைக் கொண்டுவந்து நடுவில் ஒட்டினார். மறுநாள் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டார். பையனைக் கூப்பிட்டு, "வண்டி எவ்ளோ திரும்பினாலும் இது ஆடக் கூடாது, புரிதா?" என்றார். நிஜ பஸ்ஸில் அது ஆடும். இங்கே ஆடவில்லை. அவர் கண் அடிக்கடி அதில் போய் நிற்பதைக் கவனித்தேன்.

அளப்பது எப்படி என்பதில் ஒரு தனிக் கூத்து. 1993இல் கென்னடியும் மற்றவர்களும் வெளியிட்ட ஒரு கேள்வித்தாள்தான் இன்றும் சிமுலேட்டர் குமட்டலுக்குப் புழக்கத்தில் இருக்கிறது. 16 அறிகுறி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். அதைத் தமிழில் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருக்க, பதினாறுக்கும் 0 போட்டுக் கொடுத்தார். டிரைவரிடம் 'வியர்க்கிறதா, தலை சுற்றுகிறதா' என்று கேட்டால் அப்படித்தான். பிறகு அவரே ஒரு அளவு சொன்னார். ஒன்றுமில்லை என்றால் நியூட்ரல். கொட்டாவி, வாயில் எச்சில் ஊறுவது ஃபர்ஸ்ட். நெற்றியில் வியர்த்து, வயிறு ஒரு மாதிரி ஆனால் செகண்டு. குமட்டினால் தர்டு. டாப் என்றால் பக்கெட். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் பையன் "தாத்தா, கியர்?" என்பான், அவர் சொல்வார், இவன் நோட்டில் எழுதுவான். அவர் பொய் சொன்னாலும் கொட்டாவியை மறைக்க முடியாது. "ஃபர்ஸ்ட்னு எழுதுறேன் தாத்தா" என்று அவனே திருத்திவிடுவான்.

செகண்டு விழுந்தால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும். இதில் நான் ஆரம்பத்தில் செய்த தப்பு பெரியது. இன்னும் கொஞ்சம், பழகிடும் என்று தர்டு வரைக்கும் ஓட்டவிட்டேன். பழகவில்லை. அடுத்த தடவை நாற்காலியைப் பார்த்தாலே அவருக்கு எச்சில் ஊற ஆரம்பித்தது. ஒருநாள் முடித்துவிட்டு நேராக டிவிஎஸ் 50 சாவியை எடுத்தவர் வாசல்படியில் தடுமாறினார். சிமுலேட்டரிலிருந்து இறங்கிய விமானிகளை உடனே நிஜ விமானத்தில் ஏறவிடாமல் மணிக்கணக்கில் காத்திருக்க வைக்கும் விதிகள் ராணுவங்களில் உண்டு. எங்கள் வீட்டு விதி: ஓட்டிய சாயங்காலம் சாவி அம்மாவிடம்.

மார்ச் நடுவிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதல் வாரம் நேர்ச்சாலை மட்டும், 8 நிமிடம், ஃபர்ஸ்ட்கூட விழாமல் எழுந்துவிட வேண்டும். வாரத்துக்கு மூன்று நான்கு நிமிடம் கூட்டினோம். மூன்றாவது வாரம் ரவுண்டானா. டேபிள் ஃபேன் ஒன்றை முகத்துக்கு நேராக வைத்தேன். அதன் பலன் தெரிந்தது கரண்ட் போன அன்று. இன்வெர்ட்டரில் டிவியும் லேப்டாப்பும் இருந்தன, அந்த ஃபேன் இல்லை. நியூட்ரலில் போய்க்கொண்டிருந்தவர் 5 நிமிடத்தில் செகண்டுக்கு வந்துவிட்டார். ஏப்ரல் புழுக்கமும் சேர்ந்துகொண்டது, சரி, இருந்தாலும் இப்போது அந்த ஃபேனுக்கும் இன்வெர்ட்டரில் ஒரு பாயிண்ட் இருக்கிறது.

இடையில் ஒரு நாள் பையன் விமான சிமுலேட்டர் போட்டான். அப்பா மீனம்பாக்கத்தில் 07 ரன்வேயில் கிளம்பி, கடல்மேல் வட்டமடித்து, 20 நிமிடம் நியூட்ரலிலேயே இருந்தார். உயரத்தில் கண்ணுக்குப் பக்கத்தில் ஓடும் பொருள் எதுவும் இல்லை, அதனால் வயிறும் சும்மா இருக்கிறது. தாழ்ந்து வீட்டுக் கூரைகள் கீழே பாய ஆரம்பித்ததும் கொட்டாவி வந்துவிட்டது. "வானத்துல ஒண்ணுமில்ல, தரைக்கு வந்தாத்தான் தொல்லை" என்றார். லாரிக்கே திரும்பிவிட்டார்.

மறுபடி முதலிலிருந்து செய்வதானால் டேப், கால்குலேட்டர், போன் இந்த மூன்றையும் முதல் சனிக்கிழமை எடுப்பேன். புதுப்பேட்டைக்குப் போகவே மாட்டேன். இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்வேன். டிவியின் கேம் மோடையும் டாஷ்போர்டையும் ஒரே வாரத்தில் செய்தேன். 11 நிமிடம் 16 ஆனது. அதில் எது எவ்வளவு கொடுத்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பிள்ளையார்தான் என்கிறாள் அம்மா.

ரிவர்ஸ் எடுப்பது மட்டும் இன்னும் ஆகவில்லை. டிரெய்லரைப் பின்னால் எடுக்க ஆரம்பித்தால் ஒரே நிமிடத்தில் செகண்டு. இப்போதைக்குச் சரக்கு இறக்கும் இடம் வந்ததும் பேரன் உட்கார்ந்து ரிவர்ஸ் போடுகிறான், தாத்தா பக்கத்தில் நின்று, "வரலாம், வரலாம், ரைட்டு ஒடி, ஹோல்டேய்" என்று கண்டக்டர் வேலை பார்க்கிறார்.

மோட்டார் ஒன்றைப் பக்கத்து வீட்டுக்காரர் தன் ஆம்னி வேனுக்குப் பொருந்துமா என்று பார்க்க வாங்கிப் போயிருக்கிறார். இன்னொன்று பரணில். கூட்டோடு சேரும் ஒயரை வெட்டிவிட்டதால் அப்படியே மாட்டினால் அது எந்தக் காரிலும் சுற்றாது.